மழையும் கடலும் இருந்தும் சிங்கப்பூருக்கு ஏன் தண்ணீர்க் கவலை?

நீங்கள் கேட்டது மூன்று கேள்விகள். சிங்கப்பூரில் மழைக்குக் குறைவில்லை, சுற்றிலும் கடல். அப்படியிருக்க மலேசியாவிடம் ஏன் தண்ணீர் வாங்க வேண்டும்? 2061-ல் ஒப்பந்தம் முடிந்ததும் குழாயில் தண்ணீர் வருமா? இத்தனை ஆலைகளைக் கட்டிய பிறகும் கட்டணம் ஏன் ஏறிக்கொண்டே போகிறது? மூன்றையும் சேர்த்துப் படித்தால் உள்ளே இருப்பது ஒன்றுதான்: சொல்லிக்கொள்ளும்படி ஆறோ நிலத்தடி நீரோ இல்லாத ஒரு குட்டித் தீவு, வளர்ந்துகொண்டே போகும் தேவையைப் பணத்தையும் இயந்திரத்தையும் வைத்தே சமாளித்துவிட முடியுமா? முடியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அப்படிச் சமாளிக்கும்போது தண்ணீர்க் கவலை போய் மின்சாரக் கவலை வந்து உட்கார்ந்துகொள்ளும். சவ்வு வைத்துத் தண்ணீர் சுத்திகரிக்கும் ஆலைகளில் நெடுநாள் வேலை பார்த்தவன் நான். ஆலைக்குள் நடப்பதைத் தைரியமாகச் சொல்வேன். ஒப்பந்தச் சட்டமும் இரு நாட்டு அரசியலும் நானும் உங்களைப் போலச் செய்தியில் படித்துத் தெரிந்துகொண்டதுதான். அந்த இடங்களில் என் பேச்சைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படியுங்கள்.

முதலில் மழைக் கணக்கு. ஆண்டுக்குச் சராசரி 2400 மி.மீ. மழை, தீவின் பரப்பு சுமார் 730 சதுர கி.மீ. பெருக்கி 365-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 48 லட்சம் கன மீட்டர் வரும். ஒரு கன மீட்டர் என்றால் ஆயிரம் லிட்டர். நாட்டின் தேவை நாளுக்கு ஏறத்தாழ 440 மில்லியன் கேலன், அதாவது 20 லட்சம் கன மீட்டர். ஆக, தேவையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் வானத்திலிருந்து விழுகிறது. தாளில் பார்த்தால் பஞ்சமே இல்லை. கஷ்டமெல்லாம் விழுந்ததைப் பிடித்து வைப்பதில். புக்கித் தீமா குன்றே 160 மீட்டரைக் கொஞ்சம்தான் தாண்டும். ஆழமான பள்ளத்தாக்கு எதுவும் கிடையாது. மேட்டூர் மாதிரி ஓர் அணை கட்ட நினைத்தால்கூடத் தீவில் அதற்கு இடம் இல்லை. இருக்கிற 17 நீர்த்தேக்கங்களும் ஆழம் குறைந்தவை. பாதி ஆற்று முகத்துவாரங்களை அடைத்து உண்டாக்கியவை. வெயிலில் ஆவியாகிப் போவது வேறு. மழையும் தவணை முறையில் பெய்வதில்லை. ஓரிரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும்.

இருந்தும் நாட்டின் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கை நீர்ப்பிடிப்புப் பகுதியாக்கியிருக்கிறார்கள். இதில் வெளியே அதிகம் பேசப்படாத ஒரு வேலை உண்டு: மழைநீர்க் கால்வாயையும் சாக்கடையையும் முழுசாகப் பிரித்தது. அதைச் செய்யாமல் நகரத் தெருவில் ஓடும் மழைநீரைக் குடிநீராக்க முடியாது. 2008-ல் மரினா அணைக்கட்டு வந்தபோது நகர மையம் உட்பட 10,000 ஹெக்டேர் நிலத்தின் மழை ஒரே நீர்த்தேக்கத்துக்கு வந்தது. தீவின் பரப்பில் அது ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. அங்கேயே ஒரு வேடிக்கையும் உண்டு. பெருமழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால், தாழ்வான பகுதிகள் மூழ்காமலிருக்க ராட்சத பம்புகளை ஓட்டி நல்ல தண்ணீரைக் கடலுக்குள் தள்ள வேண்டும். தண்ணீருக்குத் தவிக்கும் நாடு மின்சாரம் செலவழித்துத் தண்ணீரை வெளியே இறைக்கிறது. இடமில்லை என்று நான் சொல்வது இதைத்தான்.

அடுத்தது ஜொகூர், பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் மலேசிய மாநிலம். 1961-ல் ஓர் ஒப்பந்தம், 1962-ல் இன்னொன்று. முதலாவது 2011-ல் முடிந்துவிட்டது. இரண்டாவதின்படி 2061 வரை ஜொகூர் ஆற்றிலிருந்து நாளுக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுக்கலாம். இன்றைய தேவையில் அது பாதிக்கு மேல். விலை ஆயிரம் கேலனுக்கு 3 சென், மலேசியப் பணத்தில். சுத்திகரித்த தண்ணீரில் ஒரு பகுதியை ஜொகூர் ஆயிரம் கேலன் 50 சென்னுக்குத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. 3 சென் நியாயமா, விலையை மாற்றக் கேட்கும் உரிமை 1987-லேயே காலாவதி ஆகிவிட்டதா என்பதில் இரண்டு அரசுகளும் ஆளுக்கொரு பக்கம் நிற்கின்றன. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை.

ஒரு பொறியாளனாக எனக்குக் கவலை தருவது ஒப்பந்தத்தை விட அந்த ஆறு. ஆலை தண்ணீர் எடுக்கும் இடம் ஆற்றின் கீழ்ப்பகுதி. ஆற்றில் வரத்து குறைந்தால் கடலின் உப்பு மேலேறி வரும். உப்பு ஏறினால் எடுக்கிற வேலையை நிறுத்த வேண்டியதுதான். அதற்காகவே மேலே லிங்கியு நீர்த்தேக்கத்தை 1990-களில் கட்டினார்கள். அங்கிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டு உப்பைக் கடல் பக்கமே தள்ளி வைப்பது வழக்கம். 2016 அக்டோபரில் லிங்கியு 20 சதவீதத்துக்கு இறங்கியது. ஆற்றில் அம்மோனியா ஏறி ஆலையை நிறுத்திய சம்பவங்களும் உண்டு. அதனால் 2061 வரை ஒரு சிக்கலும் இல்லை, அதற்கப்புறம்தான் பார்க்க வேண்டும் என்று எண்ணுவது தப்புக் கணக்கு. ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்போதே ஆறு கைவிடலாம்.

இந்த பயம் சிங்கப்பூருக்குப் புதிதும் இல்லை. 1942 ஜனவரி கடைசியில் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை ஜொகூர் பாலத்தைத் தகர்த்தபோது அதன் மேல் வந்த தண்ணீர்க் குழாயும் சேர்ந்து போனது. 1963-ல் மழை பொய்த்து ஏறக்குறைய பத்து மாதம் முறைவைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள். பெரியவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள், வாளியோடு நின்ற கதை வரும்.

சரி, என் துறைக்கு வருகிறேன். கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் யோசனையை 1974-லேயே சோதித்துப் பார்த்தார்கள். அன்றைக்குச் சவ்வு விலையும் கட்டுப்படியாகவில்லை, நம்பிக்கையாக ஓடவும் இல்லை. மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள். 2000-ல் பிடோக்கில் நாளுக்கு 10,000 கன மீட்டர் சோதனை ஆலை, 2003-ல் பிடோக்கிலும் கிராஞ்சியிலும் முழு ஆலைகள் என்று அந்த மறுசுழற்சித் தண்ணீர் ‘நியூவாட்டர்’ என்ற பெயரில் வந்தது. இடைப்பட்ட காலத்தில் மாறியது சவ்வின் தரமும் விலையும்தான். செய்முறை மூன்று படி. சாதாரணமாகச் சுத்திகரித்த கழிவுநீரை நுண்வடிகட்டியில் விட்டுத் துகளையும் பாக்டீரியாவையும் பிடிப்பது, அதை ஆர்.ஓ. சவ்வில் அழுத்தித் தள்ளி உப்பையும் கரைந்திருக்கும் மற்றவற்றையும் பிரிப்பது. கடைசியாகப் புற ஊதா ஒளி. கடல்நீரை நல்ல தண்ணீராக்குவதும் இதே ஆர்.ஓ. சவ்வுதான்.

வேறுபாடு அழுத்தத்தில் இருக்கிறது. கழிவுநீரில் உப்பு குறைவு, 10 பார் பக்கம் அழுத்தினால் போதும். கடல்நீருக்கு 50, 60 பார் வேண்டும். கார் டயரில் இருக்கும் காற்றைப் போல் இருபத்தைந்து மடங்கு. அந்த அழுத்தம்தான் உங்கள் கட்டணத்தில் வந்து விழுகிறது. மழைநீரைச் சுத்திகரிக்கக் கன மீட்டருக்கு 0.2 யூனிட் அளவில் மின்சாரம் போதும். நியூவாட்டருக்கு ஏறக்குறைய 1 யூனிட். கடல்நீருக்கு 3.5. இந்த மூன்று எண்களை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

காகிதத்தில் 3.5 என்று எழுதுவது சுலபம், அதைக் காப்பாற்றுவது தினசரிப் போராட்டம். எட்டு அங்குல விட்டமுள்ள சவ்வு உருளைகளை வரிசையாக ஒரு நீளக் குழாய்க்குள் செருகியிருப்பார்கள். கடலில் பாசி பெருகும் நாட்களில் உள்ளே போகும் அழுத்தத்துக்கும் வெளியே வரும் அழுத்தத்துக்கும் வித்தியாசம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். ஒரு கட்டத்தில் குழாயைத் திறந்து முதல் உருளையை வெளியே இழுத்தால் அதன் முகப்பில் பழுப்பாக, வழவழவென்று ஒரு படலம் இருக்கும். தொட்டால் மீன் செதிலைத் தொட்ட கையாக வாடை போகாது. அதை ரசாயனம் விட்டுக் கழுவி மறுபடி செருகும்வரை ஒவ்வொரு லிட்டருக்கும் கூடுதல் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். வெப்பமண்டலக் கடலில் இந்த வேலை ஓயாது.

நியூவாட்டரைக் குடிக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் யாராவது கேட்பார்கள். தாராளமாகக் குடிக்கலாம். அதில் பெரும்பகுதி நேராகத் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. வறட்சிக் காலத்தில் நீர்த்தேக்கத்தில் கலந்து, மறுபடி சுத்திகரித்துத்தான் வீட்டுக்கு வரும். கிருமியும் உப்பும் சவ்வைத் தாண்டுவது கஷ்டம். ஆலைக்காரர்களைத் தூங்கவிடாதது மின்னேற்றம் இல்லாத சின்ன மூலக்கூறுகள், குறிப்பாக யாராவது திருட்டுத்தனமாகச் சாக்கடையில் ஊற்றும் கரைப்பான்கள். அதற்காகவே கழிவுநீர்க் குழாய்களுக்குள் ஆவியை மோப்பம் பிடிக்கும் உணரிகள் வைத்திருக்கிறார்கள். கண்காணிப்பு அங்கே கெட்டியாக இருக்கும்வரை எனக்கு இதில் பயமில்லை.

நியூவாட்டரே மலிவு என்றால் எல்லாவற்றுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அங்கேதான் ஒரு வரம்பு இருக்கிறது, அதைப் பணத்தால் தாண்ட முடியாது. சவ்வுக்குள் 100 லிட்டர் போனால் சுமார் 75 லிட்டர் நல்ல தண்ணீராக வரும். மிச்சம் அடர்ந்த கழிவாகக் கடலுக்குப் போகும். அந்த 75 முழுசாகத் திரும்பி வந்தாலும் அடுத்த சுற்றில் 56. தவிர, முழுசாகத் திரும்பி வராது. நீங்கள் குளித்த, துவைத்த தண்ணீர் அநேகமாக அப்படியே சாக்கடைக்கு வந்துவிடும். குளிர்விப்புக் கோபுரத்தில் ஊற்றியது ஆவியாகி வானத்துக்குப் போய்விடும், அதைப் பிடிக்க வழியில்லை. தரவு மையங்களும் ரசாயன ஆலைகளும் பெருகப் பெருக, திரும்பி வராத பங்கு கூடும். ஒவ்வொரு சுற்றிலும் குறைகிறதைப் புதுத் தண்ணீர்தான் ஈடுகட்ட வேண்டும். மழை பொய்த்தால் அது கடல்நீர் மட்டுமே.

கடல்நீர் ஆலைகள் இப்போது ஐந்து இருக்கின்றன. முதலாவது 2005-ல் துவாஸில், ஐந்தாவது 2022-ல் ஜூரோங் தீவில். இவற்றில் எனக்குப் பிடித்தது 2020-ல் ஓடத் தொடங்கிய மரினா ஈஸ்ட் ஆலை. மழைக் காலத்தில் நீர்த்தேக்கத் தண்ணீரைச் சுத்திகரிக்கும், வறண்டால் கடல்நீருக்கு மாறிக்கொள்ளும். விலை உயர்ந்த இயந்திரத்தைச் சும்மா போட்டு வைக்காமலும் தேவையில்லாமல் கடல்நீரை அழுத்தாமலும் இருப்பதற்கு இது நல்ல ஏற்பாடு. துவாஸின் இரண்டாவது ஆலை வேறு பாடம் சொன்னது. மின் நிலையத்தோடு சேர்த்துக் கட்டி, மிச்ச மின்சாரத்தை விற்று லாபம் பார்க்கலாம் என்பது திட்டம். மின்சார விலை சரிந்தது, நடத்திய நிறுவனம் கடனில் மூழ்கியது, 2019-ல் நாட்டின் தண்ணீரை நிர்வகிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகமே ஆலையை எடுத்துக்கொண்டது. தண்ணீர்த் தொழிலில் இறங்கியவரை மின்சாரம் கவிழ்த்த கதை.

இனி 2061-க்கு அப்புறம். நீண்டகாலத் திட்டத்தின்படி 2060 வாக்கில் நியூவாட்டர் 55 சதவீதத் தேவையையும் கடல்நீர் 30 சதவீதத்தையும் சமாளிக்க வேண்டும். மொத்தத் தேவை 2065-க்குள் ஏறக்குறைய இரு மடங்காகும் என்கிறார்கள். என் துண்டுச் சீட்டுக் கணக்கு இது. 40 லட்சம் கன மீட்டரில் நியூவாட்டர் 22 லட்சம், கன மீட்டருக்கு 1 யூனிட். கடல்நீர் 12 லட்சம், கன மீட்டருக்கு 3.5 யூனிட். கூட்டினால் நாளுக்கு 64 லட்சம் யூனிட். இன்று நாடு முழுக்கச் செலவாகும் மின்சாரம் நாளுக்குச் சுமார் 15 கோடி யூனிட். அதில் 4 சதவீதம் சொச்சம் வரும். நாட்டை முடக்குகிற தொகை இல்லை. அதனால்தான் முடியும் என்று முதலிலேயே சொன்னேன். ஆனால் அந்த மின்சாரத்தில் ஏறக்குறைய 95 சதவீதம் இறக்குமதி இயற்கை எரிவாயுவில் உண்டாகிறது. ஒரு பகுதி குழாய் வழியாக இந்தோனேசியாவிலிருந்தும் அதே மலேசியாவிலிருந்தும் வருகிறது. என்னைக் கேட்டால் இது லாபமான பண்டமாற்றுதான். எரிவாயுவைத் திரவமாக்கிக் கப்பலில் எங்கிருந்தும் வாங்கலாம், ஆற்றை வாங்க முடியாது. அதற்காகத் தன்னிறைவு வந்துவிட்டது என்று மார்தட்டினால் பாதி உண்மைதான்.

தெங்கே நீர்த்தேக்கத்தின் மேல் 2021-ல் மிதக்கும் சூரியத் தகடுகள் பரப்பினார்கள், 60 மெகாவாட். நல்ல வேலை, ஆனால் உள்ளூர் மழைநீர் ஆலைகளின் மின்தேவைக்கு ஈடாகத்தான் அது பேசப்படுகிறது. கடல்நீர் ஆலைகளின் பசிக்குப் போதாது. 3.5 யூனிட்டை 2-க்குக் குறைப்பது கழகத்தின் இலக்கு. கடல்நீரில் பாதியை நல்ல தண்ணீராக எடுப்பதென்றால் இயற்பியல் விதிப்படி 1 யூனிட்டை ஒட்டிய ஓர் அடித்தளம் இருக்கிறது, அதற்குக் கீழே எந்தக் கண்டுபிடிப்பும் போகாது. 2 எட்டக்கூடியதே. என் சந்தேகமெல்லாம் அது சோதனைக்கூடத்தில் வருமா என்பதில் இல்லை. பாசி ஏறிய கடலில், பழைய பம்புகளோடு, வருஷம் முழுக்க வருமா என்பதில்தான்.

இரு மடங்குத் தேவை என்பதையும் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது ஒரு முன்கணிப்பு. இன்றே பாதிக்கு மேல் தண்ணீர் வீடு அல்லாத பயன்பாட்டுக்குப் போகிறது; அப்போது அது மூன்றில் இரண்டு பங்காகும் என்று எதிர்பார்க்கிறார்கள். அதாவது 2065-ன் தேவையை நிர்ணயிக்கப் போவது எத்தனை பேர் குளிக்கிறார்கள் என்பதல்ல, எத்தனை சிப் ஆலைகள் வருகின்றன, அவை தங்கள் தண்ணீரை உள்ளேயே எவ்வளவு திருப்பிப் பயன்படுத்துகின்றன என்பது. புதிதாக வரும் பெரிய சிப் ஆலைகள் மறுசுழற்சி செய்தாக வேண்டும் என்ற விதி 2024-ல் வந்தது. இலக்கங்களில் எது அசையும் என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

வீட்டுச் சிக்கனம்? ஒரு ஆளுக்கு நாளுக்கு 2003-ல் 165 லிட்டர் ஆனது, 2023-ல் 141. 2030-க்குள் 130 என்பது இலக்கு. அந்த 11 லிட்டரை 60 லட்சம் பேரால் பெருக்கினால் 66,000 கன மீட்டர், மொத்தத் தேவையில் 3 சதவீதம் சொச்சம். அற்பம் என்று சொல்ல மாட்டேன். நடுத்தரமான கடல்நீர் ஆலை ஒன்றின் பாதி அது. அதற்காகப் பல் துலக்கும்போது குழாயை மூடாதவரால்தான் நாடு வறண்டுபோகும் என்று பிள்ளைகளைப் பயமுறுத்தவும் தேவையில்லை.

இந்த ஏற்பாடெல்லாம் நிஜமாகவே வேலை செய்யுமா என்பதற்கு ஒரு பரீட்சை ஏற்கெனவே நடந்திருக்கிறது. 2014 பிப்ரவரி, 1869-க்குப் பிறகு அதுவரை பதிவான மிக வறண்ட மாதம். நியூவாட்டரையும் கடல்நீர் ஆலைகளையும் முழு வீச்சில் ஓட்டி நீர்த்தேக்கங்களை நிரப்பினார்கள். 1963 போல் முறைவைக்க வேண்டி வரவில்லை. ஒரு வறண்ட மாதத்தைத் தாங்கும் என்பது இதனால் நிச்சயம். ஜொகூர் ஆறும் இல்லாமல், பல மாத வறட்சியும் சேர்ந்து வந்தால் தாங்குமா என்பதற்கு இன்னும் பரீட்சை நடக்கவில்லை.

கடைசியாக உங்கள் பில். 2000-லிருந்து 2017 வரை கட்டணம் நகரவே இல்லை. அப்புறம் 30 சதவீத ஏற்றம் இரண்டு தவணையாக வந்து 2018 ஜூலையில் கன மீட்டர் 2.74 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆனது. 2024, 2025 ஏப்ரல் மாதங்களில் மறுபடி ஏறி இப்போது 3.24 வெள்ளி, மாதம் 40 கன மீட்டர் வரை. மூலநீரை 3 சென்னுக்கு வாங்கி 3.24-க்கு விற்கிறார்களே என்று கோபப்படுகிறவர்கள் இரண்டு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். ஒன்று, விலை வைப்பது மலிவான தண்ணீரைப் பார்த்து அல்ல. அடுத்ததாகக் கூட்ட வேண்டிய கன மீட்டர் என்ன விலைக்கு வரும் என்று பார்த்து. அந்த அடுத்த கன மீட்டர் நியூவாட்டராகவோ கடல்நீராகவோதான் இருக்கும். இரண்டு, 3.24 முழுவதும் தண்ணீரின் விலை இல்லை. பில்லை எடுத்துப் பாருங்கள், மூன்று பகுதி இருக்கும்: தண்ணீர்க் கட்டணம், அதில் பாதி அளவுக்குத் தண்ணீர்ப் பாதுகாப்பு வரி, கழிவுநீர்க் கட்டணம். மூன்றாவது மட்டுமே ஒரு வெள்ளிக்கு மேல் வரும். சாக்கடையைக் கொண்டுபோகிற ஆழ்சுரங்கத்துக்கும் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் போகிற காசு அது. நியூவாட்டரின் மூலப்பொருளைச் சேகரிக்கும் செலவும் அதுவே. மூன்றில் எனக்கு மறுப்பே இல்லாதது அந்தக் கடைசிப் பகுதிதான்.